பேரிடர் நிதியில் நம் தெருவுக்கு எவ்வளவு?

வெள்ளம் வடிந்தபின் ரேஷன் கடையில் கொடுத்த ஆறாயிரம் ரூபாயைப் பற்றி இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பேசாத வீடு இல்லை. வெள்ளம் வருவதற்கு முன்பே செலவாகியிருக்க வேண்டிய பணம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நாம் கேட்பதில்லை. கேட்காததால் யாரும் சொல்வதும் இல்லை.

15ஆவது நிதி ஆணையம் 2021 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை மாநிலங்களுக்கு 1,60,153 கோடி ரூபாய் பேரிடர் நிதி வகுத்தது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் இதில் முக்கால் பங்கு ஒன்றிய அரசினுடையது, கால் பங்கு மாநில அரசினுடையது. இதை நூறு ரூபாயாக வைத்துக்கொண்டால் 40 ரூபாய் மீட்புக்கும் நிவாரணத்துக்கும், 30 ரூபாய் மறுசீரமைப்புக்கும் போகிறது. முன்தயாரிப்புக்கும் பயிற்சிக்கும் 10 ரூபாய். மீதி 20 ரூபாய் ஆபத்தைக் குறைக்கும் வேலைகளுக்கான தனி நிதி. இந்த 20 ரூபாயை உள்ளூர் அளவிலான, மக்கள் பங்கேற்கும் சிறு வேலைகளுக்கே செலவிட வேண்டும் என்றது ஆணையம். கடலோரச் சுவர், பெரிய கரை போன்றவற்றை வழக்கமான வளர்ச்சித் திட்டங்களில் செய்துகொள்ளுங்கள் என்றும் சொன்னது. அதாவது, குடிசைப் பகுதிக்குள் நிற்கும் தண்ணீர், மேடான தங்குமிடம், எச்சரிக்கைச் சங்கு, தெரு இளைஞர்களுக்குப் பயிற்சி இவைதான் அந்தப் பணத்தின் இயல்பான இடம்.

அந்தப் பணம் எந்தத் தெருவில் இறங்கியது என்பதுதான் கேள்வி. மேலே கணக்குக் கொடுக்கும் விதி கறாரானது. தலைமைச் செயலாளர் தலைமையிலான குழு செலவை முடிவு செய்ய வேண்டும். பயன்பாட்டுச் சான்று போனால்தான் அடுத்த தவணை வரும். தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பிறகு பார்ப்பார். கீழே அப்படி இல்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 50ஆவது பிரிவில் அவசரக் கொள்முதலுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் நடைமுறையைத் தள்ளி வைக்கிறது. பொருள் பயன்பட்டது என்று அதிகாரி கொடுக்கும் சான்றே செல்லுபடியாகும் கணக்கு ஆகிவிடும். வெள்ளத்தில் படகு வாங்க டெண்டர் விட்டுக்கொண்டிருக்க முடியாது, அது நமக்கும் புரிகிறது. ஆனால் படகு வாங்கியதற்குச் சான்று இருக்கும், அது எந்தக் குப்பத்துக்குப் போனது என்பதற்கு இருக்காது. அதே 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் கிராம சபை முன் சமூகத் தணிக்கை வேண்டும் என்று எழுதியது. பேரிடர் சட்டம் எழுதவில்லை.

சாதி பற்றி இச்சட்டம் பேசவே இல்லையா என்றால், பேசுகிறது. இழப்பீடும் நிவாரணமும் வழங்கும்போது பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 61ஆவது பிரிவு. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் தலித்துகள் முகாம்களில் ஒதுக்கப்பட்டதும், சொந்தப் படகும் வலையும் இல்லாததால் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் விடுபட்டதும் அப்போதே ஆவணமானவை. மறு ஆண்டு வந்த சட்டத்தில் இந்தப் பிரிவு இருப்பது நமக்கு ஒரு பிடிமானம்தான். ஆனால் அதன் சொற்களைக் கவனியுங்கள். இழப்பீடு, நிவாரணம், அவ்வளவுதான். முன்தயாரிப்புக்கான பத்து ரூபாயும் ஆபத்தைக் குறைக்கும் இருபது ரூபாயும் அந்தச் சொற்களுக்குள் வரவில்லை. எந்த வார்டுக்கு முதலில் வடிகால், எந்தப் பள்ளி முகாம், யாருக்குப் பயிற்சி என்பதை முடிவு செய்யும் இடத்தில் 61ஆவது பிரிவு வாய் திறப்பதில்லை.

நிவாரண விகிதங்களிலும் சாதி என்ற சொல் கிடையாது. அந்த வேலையை வேறு சொற்கள் செய்கின்றன. சமவெளியில் முழுதும் சேதமான வீட்டுக்கு 1,20,000 ரூபாய், குடிசைக்கு 8,000 ரூபாய். வீட்டுக்கான தொகை வேண்டுமானால் அது அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானம் என்று அதிகாரி சான்று தர வேண்டும். பட்டா இல்லாமல் கால்வாய் ஓரத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் தலைமுறைகளாக வாழ்பவர் அந்தச் சான்றுக்கு எங்கே போவார்? துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களுக்கும் நகரத்தின் குப்பையை அள்ளுபவர்களுக்கும் பட்டா நிலம் எப்போது கிடைத்தது? வாடகைக்கு இருப்பவர் கதை இன்னும் மோசம். சுவர் அவருடையது அல்ல, தண்ணீரில் போன பாய், பாத்திரம் மட்டும்தான் அவருடையது.

வடசென்னைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் கலந்து எண்ணூர் கழிமுகத்தை மூடியது. மீனவர்கள் வாளியும் குவளையுமாக அதை அள்ளினார்கள். டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் பெரியகுப்பம் கடலடியில் செல்லும் கோரமண்டல் உர ஆலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. இருட்டில் எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்ல ஆளில்லாமல் சனங்கள் ஓடினார்கள். புயல், வெள்ளம், சுனாமி, தீ எல்லாம் பேரிடர் நிதிப் பட்டியலில் இருக்கின்றன. ஆலை எண்ணெயும் ஆலை வாயுவும் இல்லை. அவற்றுக்கு 1996ஆம் ஆண்டின் இரசாயன விபத்து விதிகள் தனியே உள்ளன. ஆட்சியர் தலைமையில் மாவட்ட நெருக்கடிக் குழுவும், தொழிற்பகுதிக்கு உள்ளூர்க் குழுவும் இருக்க வேண்டும், ஆலைக்கு வெளியே இருப்போருக்கான அவசரத் திட்டம் இருக்க வேண்டும். எண்ணூரில் வெள்ளமும் ஆலையும் ஒரே இரவில் வருகின்றன, கோப்புகள் மட்டும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன.

எண்ணெய்க் கசிவுக்கு மாநில அரசு 8.68 கோடி ரூபாய் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, 787 படகுகளுக்குத் தலா 10,000. வேண்டிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் படகை எண்ணுவது சுலபம். கழிமுகத்துச் சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளருக்கும், அதைக் கூடையில் வாங்கி விற்கும் பெண்ணுக்கும் எண்ணிக் காட்ட ஒரு பொருள் இல்லை. பட்டியல் எடுக்கும் முன்பே இத்தகையவர்களைப் பதிவு செய்து வைப்பதும் முன்தயாரிப்புதான்.

2025இல் திருத்தப்பட்ட சட்டம் ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. மாநில அளவில் பேரிடர்த் தரவுத்தளம் அமைத்து, நிதி ஒதுக்கீடு, செலவு, முன்தயாரிப்புத் திட்டம் ஆகியவற்றை அதில் வைக்க வேண்டும். மாநகராட்சிகளுக்கு ஆணையர் தலைமையில் நகரப் பேரிடர் ஆணையமும் அமைக்கலாம். இந்தத் தரவு வார்டு வாரியாக, பட்டியலின மக்கள் வாழும் பகுதிகளைப் பிரித்துக் காட்டுவதாக இருக்க வேண்டும் என்று நாம் இப்போதே கேட்க வேண்டும். தரவுத்தளம் அமைந்த பிறகு கேட்டால் மென்பொருளில் இடமில்லை என்பார்கள்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் இதைத் தொடங்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். கேட்க வேண்டியவை: திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, இராயபுரம் மண்டலங்களில் 2021 முதல் ஆபத்துக் குறைப்பு நிதியிலும் முன்தயாரிப்புப் பங்கிலும் நடந்த வேலை எது, எந்தத் தெருவில், எவ்வளவு, பயிற்சி பெற்றவர் எத்தனை பேர், அதில் தூய்மைப் பணியாளர் எத்தனை பேர், மாவட்டப் பேரிடர்த் திட்டத்தின் நகல், உள்ளூர் நெருக்கடிக் குழு கடைசியாகக் கூடிய தேதி. கழிமுகத்தின் ஒரு பகுதி திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பதால் மனுவை இரண்டு ஆட்சியர் அலுவலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். பதில் வந்ததும் நகலெடுத்து வார்டின் அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குக் கொண்டுபோய், கவுன்சிலர் முன்னிலையில் படித்து, கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.