பாபநாசத்தைக் கத்தரிப்பவர்கள்

ஊர்ப்பற்றின் பெயரால் ஒரு நூல்வதை நடக்கிறது. தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1792இல் தென்னகம் வந்து வரைந்த பாபநாசம் அருவி, 144 அக்குவாடின்ட் படங்கள் கொண்ட 'ஓரியண்டல் சீனரி' தொகுதிகளில் ஒரு தாள். நெல்லைச் சேகரிப்பாளருக்கு அந்த ஒரு தாள் போதும். தில்லிக்காரருக்குத் தில்லி போதும். உதிரித்தாள்களின் விலை முழுத்தொகுதியின் விலையை மிஞ்சும்வரை வணிகரின் கத்தி ஓயாது. அதைத் தீட்டிக் கொடுப்பது நம் ஆசைதான்.

போவது வெறும் காகிதமன்று. இப்படம் வரையப்பட்டது 1792இல். செதுக்கி வெளியானது 1804இல். இடையில்தான் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார் (1799). பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது, சீமை முழுதும் கும்பினி வசமாயிற்று (1801). அந்த அமைதியான அருவியை இலண்டன் சீமான்கள் களக்காட்டிலிருந்து தெரியும் குமரி மலைகளோடு சேர்த்துப் புரட்டினார்கள். அவர்கள் எதை, எந்த வரிசையில் காண விரும்பினார்கள் என்பதற்குத் தொகுதியே சாட்சி. தனித்தாள் வெறும் அழகிய அருவி.

சுவரில் மாட்டினால் நாலுபேர் பார்ப்பார்களே என்பர். கையால் தீட்டிய நீர்வண்ணம் நெல்லை வெயிலில் எத்தனை கோடை தாங்கும்? சுவருக்கு நகலச்சு போதும். மூலம் வேண்டுவோர் நால்வராய்ச் சேர்ந்து முழுத்தொகுதியாக வாங்கட்டும், இயலாதெனில் விட்டுவிடட்டும்.