நிறுத்தச் சொல்லத் தயங்காதீர்கள்

 

போன வாரம் ஒரு பழைய மாணவன் துபாயிலிருந்து போன் செய்தான். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது அவனுக்கே இரண்டு பிள்ளைகள். "டீச்சர், அடுத்த மாசம் அப்பா அம்மா இங்க வர்றாங்க. நீங்க டிசம்பர்ல பாலைவன சஃபாரி போட்டோ போட்டிருந்தீங்கல்ல, அதே மாதிரி அவங்களையும் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சு ஒரு வருஷம்தான் ஆகுது. ஒண்ணும் ஆகாதுல்ல டீச்சர்?" என்று கேட்டான்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் போட்டோவில் நான் சிவப்பு மணல்மேட்டில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் நிறையப் பேர் "சூப்பர் டீச்சர்" என்று எழுதியிருந்தீர்கள். அதை எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அதை எழுதாமல் விட்டுவிட்டேன். அந்தப் படத்தை நம்பி ஒரு பிள்ளை தன் அப்பாவை அழைத்துப் போகக் கிளம்புகிறான் என்றால், மிச்சக் கதையையும் சொல்ல வேண்டியது என் கடமை.

என் மகன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான் என்பது உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் ஆட்கள் போவது சாயங்கால சஃபாரி. மதியம் மூன்று மணிக்குக் கூப்பிட்டுப் போய், அரை மணி நேரம் மணலில் வண்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டு, ஒட்டகத்தில் ஒரு சுற்று, நடனம், சாப்பாடு என்று முடித்துவிடுவார்கள். என் மகன் "அம்மாவுக்கு மியூசியம்னா பிடிக்கும்" என்று முழு நாள் பயணமாகப் பார்த்துப் பதிவு செய்திருந்தான். காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்குத் திரும்புவது. வழிகாட்டியும் உண்டு. நான், எங்கள் வீட்டு சார், மகன், மருமகள், பேரன் ஐந்து பேர்.

முதலில் போனது ஷார்ஜாவின் மலைஹா என்ற இடம். அங்கே 4,000 ஆண்டுகளுக்கும் முந்தைய வட்ட வடிவக் கல்லறை ஒன்று இருக்கிறது. அதை ஒட்டியே அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். பக்கத்து ஃபாயா மலையில், ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு மனிதர்கள் செய்த கல் கருவிகள் கிடைத்திருக்கின்றன. அந்தப் பகுதியை 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி ஃபாசில் ராக் என்று ஒரு பாறைக் குன்று. அந்தப் பாறையில் கடல் சிப்பிகள் கல்லாக உறைந்து கிடக்கின்றன. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல் இருந்திருக்கிறது. "ஆச்சி, இங்க மீன் நீந்துச்சா?" என்று பேரன் கேட்டான். மணலுக்கு நடுவே நின்றுகொண்டு "ஆமாம்டா" என்று சொல்வதே ஒரு சந்தோஷம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மணல்மேட்டுப் பயணம். ஏறும் முன் ஒரு தாளை நீட்டினார்கள். முதுகுவலி, கழுத்துவலி, இதய நோய், அண்மையில் அறுவை சிகிச்சை, கர்ப்பம், இதில் ஏதாவது உண்டா என்று கேள்வி. எனக்கு நாலு வருடமாக இடுப்பில் டிஸ்க் பிரச்சினை. வீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன். மகனிடம் போனில் "லேசா வலி" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அந்தத் தாளில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பிள்ளை பணம் கட்டிவிட்டான், பேரன் காலையிலிருந்து "எப்ப டூன், எப்ப டூன்" என்று குதிக்கிறான், நம்மால் எதற்கு மற்றவர்களுக்கு ஒரு குறை என்ற நினைப்புதான். 36 வருடம் வகுப்பில் நின்று "தெரியலைன்னா கையைத் தூக்குங்க, முடியலைன்னா கையைத் தூக்குங்க, யாரும் சிரிக்க மாட்டாங்க" என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள், தன் முறை வந்தபோது கையைத் தூக்கவில்லை.

வண்டி ஓட்டியவர் மலப்புரத்துக்காரர். பதினெட்டு வருடமாக மணலில் ஓட்டுகிறாராம். தார் ரோடு முடிந்ததும் இறங்கி நாலு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டார். "பஞ்சரா ஆச்சி?" என்றான் பேரன். பஞ்சர் இல்லை. ரோட்டில் 35 அளவில் இருக்கும் காற்றை 15 பக்கம் இறக்கினால் டயர் தட்டையாகப் பரவி மணலில் அதிக இடத்தைப் பிடிக்கும், புதையாது. ஒட்டகத்தின் பாதம் அகலமாக இருப்பதும் இதே காரணத்தால்தான். திரும்ப ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்றடித்துக்கொள்வார்கள்.

மணல்மேட்டுக்கு ஒரு பக்கம் சாய்வு குறைவு. காற்று மணலைத் தள்ளிக்கொண்டு ஏறும் பக்கம் அது. மறுபக்கம் மணல் சரிந்து விழுகிற பக்கம், 34 டிகிரி வரை செங்குத்தாக இருக்கும். வண்டி உச்சிக்குப் போகும்போது கண்ணுக்கு வானம் மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. அப்படியே மூக்கு கவிழ்ந்து இறங்கும். குறுக்கே சாய்ந்தால் உருண்டுவிடும் என்பதால் நேராகத்தான் இறக்க வேண்டும். அதற்காகத்தான் வண்டிக்குள் இரும்புக் கம்பிக் கூண்டு பொருத்தியிருக்கிறார்கள்.

முதல் மேடு நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவதில் வண்டி தொப்பென்று விழுந்தபோது இடுப்பிலிருந்து கால் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வலி. மூன்றாவதில் கத்திவிட்டேன். ஆனால் வண்டியில் எல்லோருமே கத்திக்கொண்டிருந்தார்கள். பேரன் கத்துகிறான், மருமகள் கத்துகிறாள், 70 வயதில் எங்கள் வீட்டு சார் விசில் அடிக்கிறார். என் அலறலும் அதோடு சேர்ந்துகொண்டது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

டிரைவருக்குத் தெரிந்தது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமதளத்தில் வண்டியை நிறுத்தினார். "அம்மா, முதுகா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அப்போதுதான் மகன் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் வெளிறிப் போனதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. டிரைவர் கோபப்படவில்லை. "முதல்லயே சொல்லியிருந்தா உங்களுக்கு வேற வழி பார்த்திருப்பேன். ஜனங்க சத்தம் போட்டா சந்தோஷம்னு நினைச்சு நாங்க இன்னும் வேகமா போவோம். சொன்னாத்தானே தெரியும்?" என்றார். எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். இந்த நாலு வரி மாதிரி எதுவும் தைத்ததில்லை.

எங்களோடு இன்னொரு வண்டியும் வந்திருந்தது. மணலில் ஒற்றை வண்டியாகப் போகக் கூடாதாம். அதிலிருந்த வழிகாட்டி இளைஞர் இறங்கி என்னோடு ஒரு மர நிழலில் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே இன்னொரு சுற்றுப் போய்வரட்டும் என்று நான்தான் அனுப்பிவைத்தேன். வலி கொஞ்சம் அடங்கியதும் அண்ணாந்து மரத்தைப் பார்த்தேன். சின்னச் சின்ன இலை, தொங்குகிற கிளை. எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. "காஃப்" என்றார் அவர். அந்த நாட்டின் தேசிய மரம்; 2019ஐச் சகிப்புத்தன்மை ஆண்டாகக் கொண்டாடியபோது அதன் சின்னமாகவும் இதைத்தான் வைத்தார்களாம். இலையைக் கையில் எடுத்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நம்ம வன்னி மரம்! விஜயதசமிக்கு அம்பு போடுகிறோமே, அஞ்ஞாதவாசத்தில் பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்துவைத்ததாகச் சொல்கிறோமே, அதே வன்னி. ஆழமாக வேர் விட்டு, எங்கேயோ கீழே இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு அங்கே நிற்கிறது.

பிறகு மெதுவாக நாலு எட்டு நடந்தேன். சாயங்கால வெயில் சாய்வாக விழுந்ததால் மணலில் ஒவ்வொரு தடமும் எழுதிவைத்த மாதிரி தெரிந்தது. தையல் போட்டது போல ஒரு வண்டு போன வழி. நடுவே வால் இழுத்த கோட்டோடு ஒரு பல்லியின் தடம். ஒரு செடியின் அடியில் சின்னப் பொந்து. மணல் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் அதில் படிந்திருக்கிற இரும்புத் துரு. நம் உடன்குடிப் பக்கத்துத் தேரி மணல் சிவந்திருப்பதும் அதனால்தான். ஆடிக் காற்றில் தேரிமண் பறந்து பள்ளிக்கூட வாசலில் குவியுமே, ஞாபகம் இருக்கிறதா? அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, "பாலைவனம் என்பது எதுவும் இல்லாத வெறும் மணல்" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு உங்களையும் எழுதவைத்தேன். அது தவறு. அழித்துவிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்த போட்டோ அந்த மரத்துக்குப் பக்கத்தில் எடுத்தது. சிரிப்பு உண்மைதான். அதற்கு முந்தைய வலியும் உண்மைதான்.

இனி என் கருத்தைச் சொல்கிறேன்.

பாலைவனம் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் போங்கள், அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள். நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள், கோடையில் வேண்டாம். முடிந்தால் முழு நாளாகப் போங்கள். ஆனால் மணல்மேட்டில் வண்டி ஓட்டுவதுதான் சஃபாரி என்று நினைக்காதீர்கள். அது அந்த நாளில் ஒரு மணி நேரம்கூட இல்லை. அதை விட்டுவிட்டாலும் பாலைவனம் அங்கேயேதான் இருக்கும். சொல்லப்போனால், வண்டி ஓடும்போது நான் பாலைவனத்தைப் பார்க்கவே இல்லை, முன் சீட்டின் கம்பியைத்தான் பார்த்தேன். நின்ற பிறகுதான் பார்த்தேன்.

பிள்ளைகளே, பதிவு செய்யும்போதே "மேட்டுப் பயணம் வேண்டாம் என்பவர்களை என்ன செய்வீர்கள், சாதாரணப் பாதையில் முகாமுக்கு அழைத்துப் போவீர்களா?" என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள். அப்பா அம்மாவிடம் எல்லோர் முன்னாலும் "முடியும்ல?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நம் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரே பதில்தான் உண்டு. தனியாக உட்காரவைத்து, "எங்கே வலிக்குது, எப்ப மூச்சு வாங்குது?" என்று கேளுங்கள். வயதைப் பார்க்காதீர்கள், உடம்பைப் பாருங்கள். 70 வயது சார் விசில் அடித்தார். 66 வயது நான் அழுதேன்.

என் வயதுக்காரர்களே, நம் வலியை மறைப்பது தியாகம் இல்லை. நான் மறைத்ததால் என் மகனுக்கு மிச்சமானது என்ன? இரண்டு மாதமாகியும் "நான்தானம்மா கூட்டிட்டுப் போனேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்தத் தாளில் "ஆம்" என்று எழுதியிருந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

இன்னொன்று. டிரைவரிடம் "இன்னும் வேகம், இன்னும் வேகம்" என்று கேட்காதீர்கள். அவருக்கும் வீட்டில் காத்திருக்கும் குடும்பம் உண்டு. போட்ட தடத்தை விட்டு வண்டியை இறக்கச் சொல்லாதீர்கள். நமக்கு வெறும் மணலாகத் தெரிகிற இடத்தில் ஒரு பொந்தும் நாலு செடியும் இருக்கின்றன, அவை சக்கரத்துக்குத் தாங்காது.

அந்த மாணவனிடம் இதைத்தான் சொன்னேன். "நான் டாக்டர் இல்லப்பா. ஸ்டென்ட் வைத்த டாக்டரைக் கேட்காமல் மேட்டில் ஏற்றாதே. அதற்கு முன்னால் அப்பாவிடம் நீ தனியாகப் பேசு" என்றேன்.

நேற்று ராத்திரி குரல் செய்தி அனுப்பியிருந்தான். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "டீச்சர், அப்பாகிட்ட பேசினேன். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குதுன்னு சொல்றார். ஆறு மாசமா இருக்காம். எங்கிட்ட சொன்னதே இல்ல. திங்கட்கிழமை டாக்டர்கிட்ட போறாங்க."

சஃபாரி கிடக்கட்டும். நீங்களும் இன்று இரவு வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சர்