மண்ணினின்று எழும் வாயுவும் நம் வீடுகளும்

ரேடான் என்னும் வாயுவைக் குறித்து நம் பக்கத்தில் எவரும் பேசக் காணோம். கடம்பத்தூரைச் சூழ்ந்தது பெரும்பாலும் வண்டலும் களியும் மணலுமாகிய சமநிலம். அருகில் யுரேனியச் சுரங்கம் எதுவுமில்லை. வீட்டின்கீழ் நிலவறை கட்டும் வழக்கமுமில்லை. ஆகவே இப்பிரதேசத்தை அபாயம் குறைந்ததெனக் கொள்வதில் தவறில்லை. ஆயினும் அச்சொல் பிரதேசத்தைப் பற்றியதேயன்றி, அதிலுள்ள ஒவ்வொரு வீட்டையும் பற்றியதன்று. நேயர்களுக்கு நாம் வற்புறுத்திக் கூற விரும்புவது இதுவே.

மண்ணிலும் கல்லிலும் சிற்றளவில் விரவியுள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, அதினின்று இவ்வாயு பிறக்கின்றது. நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. வெட்டவெளியில் காற்றோடு கலந்து போய்விடும். தரையின் வெடிப்பு, குழாய் நுழையும் சந்து முதலியவற்றின் வழியே உட்புகுந்தாலோ, அடைத்த அறையில் தேங்கும். அது சிதையுங்கால் தோன்றும் நுண்பொருள்கள் தூசியைப் பற்றிக்கொண்டு நுரையீரலிற் படிந்து, ஆல்பாக் கதிர்களால் அதனைத் தாக்குகின்றன. புற்றுநோய் விளைப்பனவற்றுள் இதுவும் ஒன்றென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988-இல் வகுத்தது. கன மீட்டர் காற்றில் 100 பெக்கெரலுக்கு மேற்படாதிருத்தல் நன்று, அஃது இயலாவிடத்தும் 300-ஐத் தாண்டலாகாது என்பது 2009-இல் உலகச் சுகாதார ஸ்தாபனம் கூறிய அளவு. விநாடிக்கு ஓர் அணு சிதைவதே ஒரு பெக்கெரல்.

1984-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லிமெரிக் அணுமின் நிலையத்துப் பொறியாளர் ஒருவர் வேலைக்கு நுழையும்போதே கதிரியக்க எச்சரிக்கை மணி ஒலித்தது. ஆராய்ந்து பார்க்கையில், மாசு நிலையத்தினின்று அவரைப் பற்றியதன்று, அவர்தம் வீட்டினின்று வந்ததென்று தெரிந்தது. அவ்வீட்டுக் காற்றில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,00,000 பெக்கெரல் இருந்ததாம்! அது யுரேனியம் செறிந்த பாறை நிலம். நம் நிலத்துக்கு ஒப்பன்று. எனினும், அடுத்தடுத்த இரு வீடுகளிலேயே அளவு பெரிதும் வேறுபடக் கூடுமாதலின், அபாயம் குறைந்த பகுதியென வரைபடத்திற் குறித்த இடங்களிலும் ஒவ்வொரு வீட்டையும் பரிசோதிக்குமாறே அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையார் கூறுகின்றனர்.

(கதிரியக்கம் என்றவுடன் நம்மவர் மணவாளக்குறிச்சி மணலை நினைப்பர். அங்குள்ளது பெரும்பாலும் தோரியம். அதினின்று எழும் தோரான் ஒரு நிமிஷத்துக்குள் பாதியாகச் சிதைந்துவிடுவதால் நெடுந்தூரம் செல்வதில்லை. அது தனியே எழுதத்தக்க விஷயம்.)

நம் முன்னோர் ரேடானை அறியார். ஆயினும் முற்றமும் ஓட்டுக்கூரையும் அதனை வெளியேற்றிவந்தன. இன்றோ குளிர்சாதனத்தின் பொருட்டுச் சாளரங்களை அடைக்கின்றோம். இதனினும் கவனிக்கத்தக்கது வேறொன்றுண்டு. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆலைகளில் இரவெல்லாம் உழைத்துவிட்டு, பகலில் கீழ்த்தளத்து ஒற்றையறையில் கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு உறங்குவோர் பலர். ஓரறையில் நால்வர் ஐவர் தங்குவதும் அரிதன்று. மாடியிலுறையும் வீட்டுக்காரரைவிட மண்ணுக்கு அணித்தே உறங்குபவர் அவர்களே.

அவர்களுள் பீடி, சிகரெட்டுப் பிடிப்போரும் இருப்பர். 2005-இல் வெளியான ஐரோப்பிய ஆராய்ச்சித் தொகுப்பொன்று, ரேடான் 100 பெக்கெரல் மிகுந்தோறும் நுரையீரற் புற்றுநோயின் வாய்ப்பு நூற்றுக்கு 16 பங்கு ஏறுவதாகக் கணக்கிட்டது. அதன்படி, 400 பெக்கெரல் உள்ள வீட்டில் வாழும் புகை பிடியாதார் ஆயிரவரில் 75 வயதுக்குள் இந்நோயால் இறப்பார் ஏறக்குறைய எழுவர். புகை பிடிப்போர் ஆயிரவரிலோ ஏறக்குறைய 160 பேர். ரேடான் அறவே இல்லாவிடினும் பின்னவருள் 100 பேர் மாள்வர். ஆகவே புகையிலையை விட்டுவிட்டு ரேடானை மட்டும் பேசுதல் நேர்மையாகாது.

அளக்குமுன்னே யந்திரம் வாங்கச் சொல்லும் வியாபாரியையும் நாம் நம்பவேண்டுவதில்லை. மூன்று மாதமேனும் அளந்தறிதல் முதல். அளவு மிகுந்தால் எதிரெதிர்ச் சாளரங்களைக் கொசுவலையிட்டுத் திறந்து, தரை வெடிப்புகளை அடைத்துப் பார்க்கலாம். அதற்கும் அடங்காதாயின், தரைக்கடியிலிருந்து கூரைக்குமேல் ஒரு குழாய் செலுத்தி, விசிறியால் வாயுவை உறிஞ்சி வெளியேற்றுதல் வேண்டும். மேல்நாட்டு வீடுகளில் பயன்கண்ட முறை அது. நம்மூரில் அது தேவைப்படும் வீடு மிகச் சிலவாகவே இருக்குமென்பது நம் கருத்து.

அளத்தலோ நம் கல்லூரிக்கு அரிய காரியமன்று. எல்.ஆர். 115 என்னும் மெல்லிய பிலிம் துண்டில் ஆல்பாத் துகள்கள் வடுப்படுத்தும். அதனைச் சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலில் இட்டு வடுக்களைத் துலக்கி, நுண்ணோக்கியால் எண்ணலாம். பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கென்றே ஊசித்துளையுடைய சிறு கிண்ணங்களை அமைத்துள்ளனர். பௌதிக, இரசாயன மாணாக்கர் ஒன்றுகூடி, விடுதியின் கீழ்த்தள அறைகளிலும், இசையும் குடியிருப்போரின் வாடகை அறைகளிலும் ஓராண்டு இவற்றைத் தொங்கவிடுவாராக. சமையலறையும் குளியலறையும் வேண்டா, உறங்குமிடமே தக்கது. கண்ட அளவை வீட்டுக்காரருக்கு மட்டுமன்றி, அவ்வறையில் உறங்குபவருக்கும் அவர் படிக்கத்தக்க மொழியில் எழுதிக் கொடுத்தல் வேண்டும்.