தக்காளி விதையை எடுத்துவைக்க உங்களுக்கு உரிமை உண்டு... ஆனால், எந்தத் தக்காளியிலிருந்து?

கடையில் வாங்கிய நல்ல தக்காளி ஒன்றைப் பிழிந்து, விதையை மாடித் தொட்டியில் போட்டிருப்பீர்கள். செடியும் வரும், காயும் வரும். ஆனால், ஒரு செடியில் காய் சின்னது, இன்னொன்றில் நீளம், மூன்றாவதில் காய்ப்பே சரியில்லை. 'என்ன தப்பு பண்ணினோம்?' என்று யோசித்திருப்பீர்கள். தப்பு உங்களுடையது இல்லை. மாடித் தோட்டத்தில் இது சின்ன ஏமாற்றம். ஒரு ஏக்கர் போட்ட விவசாயிக்கு அது ஒரு போகத்தின் வருமானம்.

1966-ம் ஆண்டு விதைகள் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவர, மத்திய அரசு 2025 நவம்பரில் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. 'விதை சேமிக்கும் உரிமை போய்விடுமா?' என்ற விவாதம் அப்போதே தொடங்கிவிட்டது. இதற்குச் சட்டம் சொல்லும் பதில் ஒன்று, செடி சொல்லும் பதில் வேறொன்று.

சட்டம் என்ன சொல்கிறது?

பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001-ன் 39-வது பிரிவின்படி, விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுக்கலாம், மறுபடி விதைக்கலாம், பரிமாறலாம், விற்கவும் செய்யலாம். பிராண்டு பெயர் போட்டு விற்க மட்டும் முடியாது. 2019-ல் குஜராத்தில் உருளைக்கிழங்கு விவசாயிகள்மீது பெப்சிகோ வழக்கு போட்டபோது, விவசாயிகள் தரப்பு முன்வைத்தது இந்தப் பிரிவைத்தான். கடும் எதிர்ப்புக்குப் பிறகு வழக்குகள் வாபஸ் ஆயின.

புதிய வரைவும் இந்த உரிமையைத் தனி விவசாயிக்கு விட்டுவைத்திருக்கிறது. ஊர் ஊராக விதை காக்கும் குழுக்களும் வணிக நிறுவனங்களுக்கான விதிகளில் சிக்கிக்கொள்ளுமோ என்பதுதான் விமர்சகர்களின் கவலை.

ஹைபிரிட்டில் ஏன் பலிக்காது?

விதை பாக்கெட்டில் 'எஃப்1' என்று இருந்தால் அது ஹைபிரிட். இரண்டு வேறு தாய்-தந்தை வரிசைகளைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை. செடிகள் எல்லாம் அச்சில் வார்த்தது மாதிரி ஒரே சீராக இருக்கும். அதிலிருந்து நீங்கள் விதை எடுத்தால், இரண்டாம் தலைமுறையில் குணங்கள் பிரிந்து, செடிக்குச் செடி மாறும். சட்டம் தடுக்கவில்லை, ஆனாலும் ஒவ்வொரு பருவமும் விதைக் கடைக்குப் போயாக வேண்டும்.

'ரகம்' என்று சொல்லப்படுபவை அப்படியல்ல. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம்.1 இதற்கு நல்ல உதாரணம். தேனிப் பக்கம் விளைந்த 'அன்னஞ்சி' என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து வந்தது அது. அதன் விதையைப் போட்டால் அதே தக்காளி வரும். நாட்டு ரகங்களும் அப்படித்தான்.

அப்படியானால் கலப்பே ஆகாதா?

ஆகும், ஆனால் குறைவு. தக்காளிப் பூவில் மகரந்தப்பைகள் குழாய் மாதிரி சேர்ந்து நிற்கும். சூல்முடி அதற்குள்ளேயே இருப்பதால், பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும். சில பழைய ரகங்களிலும், பெரிய காய் ரகங்களிலும் சூல்முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கேதான் சிக்கல்.

அடுக்குத் தேனீ இந்தப் பூவில் அவ்வளவாக வேலை செய்யாது. தச்சுத் தேனீயும் நீல வரித் தேனீயும் பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். பிறகு பக்கத்துச் செடிக்குப் பறக்கும்.

கலப்பு நடந்தது அந்த வருடம் தெரியாது. பழத்தின் சதை தாய்ச்செடியுடையது; அதனால் நிறமும் ருசியும் வழக்கம்போலவே இருக்கும். மாற்றம் உள்ளே விதையில் ஒளிந்திருந்து, அடுத்த விதைப்பில்தான் வெளியே வரும். நாட்டு ரகம் யாருக்கும் தெரியாமலேயே கலந்துபோவது இப்படித்தான்.

என்ன செய்யலாம்?

இடைவெளிதான் முதல் வழி. இந்திய விதைச் சான்றளிப்புத் தரப்படி, தக்காளி ரகங்களின் ஆதார விதை வயலுக்கு 50 மீட்டர், சான்று விதை வயலுக்கு 25 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். மாடியில் அதற்கு ஏது இடம்? விசேஷங்களில் தாம்பூலம் போட்டுத் தரும் சின்ன வலைப்பை போதும். மொட்டு விரியும் முன் கொத்தை மூடி, தினம் லேசாகத் தட்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள்.

நோயில்லாத சில செடிகளில் நன்கு பழுத்த பழங்களை எடுத்து, விதையைச் சாறோடு ஒன்றிரண்டு நாள் புளிக்கவிடுங்கள். முளைப்பைத் தடுக்கும் வழவழப்பு அப்போது கழன்றுவிடும். கழுவும்போது மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை நிழலில் தட்டில் காயவையுங்கள். பெயரும் தேதியும் எழுதி, காற்றுப்புகாத பாட்டிலில் வைத்தால் சில வருடங்களுக்கு முளைப்புத்திறன் இருக்கும்.

விஷயம் எங்கே நிற்கிறது?

சேமிக்கும் உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது. சேமித்தால் பலன் தரும் ரகம் கடையில் கிடைக்க வேண்டும், அதைக் கலப்பில்லாமல் காப்பாற்ற ஆள் இருக்க வேண்டும். ஹைபிரிட்டில் விளைச்சலும், சிலவற்றில் நோய் எதிர்ப்பும் கூடுதல். விவசாயி அதை விரும்புவதில் தவறில்லை. ஆனால், ரகங்கள் கைவிடப்பட்டால் தேர்வு செய்ய எதுவும் மிஞ்சாது. பிறகு உரிமை இருந்தும் பயனில்லை.

அடுத்த தடவை விதை பாக்கெட் வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, இது ரகமா, ஹைபிரிட்டா?"