மணி அடிக்காத போன்... அழைப்பு எங்கே போகிறது?

“வீட்டுக்காரர் தோட்டத்தில் இருக்கும்போது அவர் போனுக்குக் கூப்பிட்டால், ‘கால் ஃபார்வர்டு’ என்று திரையில் ஒரு வரி வந்து போகிறது. யாரோ எடுத்து, பேசாமல் வைத்துவிடுகிறார்கள். அவர் போனில் மணியே அடிப்பதில்லை. நாலு நாளைக்கு முன்பு பார்சல் வந்திருப்பதாக ஒருவர் பேசி, ஏதோ எண்ணை அழுத்தச் சொன்னாராம். இவரும் அழுத்தியிருக்கிறார். என் போனிலோ யாரைக் கூப்பிட்டாலும் ‘சிம் 1-ஆ, சிம் 2-ஆ’ என்று கேட்கிறது. மோட்டார் ஸ்டார்ட்டருக்குப் போன் போட்டால் ஒரு நாள் ஓடுகிறது, ஒரு நாள் ஓடுவதில்லை. இரண்டு போனும் பழுதா?”

- வாசகி ஒருவர், மணப்பாறை.

இரண்டு போனும் பழுதில்லை. ஆனால், கணவரின் போனை இன்றைக்கே கவனிக்க வேண்டும். சிம் கேள்வி நாளைக்குக்கூட இருக்கட்டும்.

ஒரு எண்ணுக்கு வரும் அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் வசதி எல்லா நெட்வொர்க்கிலும் உண்டு. ஊருக்குப் போகிறவர், தன் அழைப்புகளை மகன் போனுக்கு மாற்றிவிட்டுப் போகலாம். நல்ல வசதிதான். ஸ்டார் 21 ஸ்டார் போட்டு, ஒரு செல்போன் எண்ணைச் சேர்த்து, ஹேஷ் அழுத்தி டயல் செய்தால் அழைப்புகள் எல்லாம் அந்த எண்ணுக்குப் போய்விடும். சில நெட்வொர்க்கில் 401 என்று தொடங்கும். ‘பார்சலை உறுதி செய்ய இதை அழுத்துங்க’ என்று சொல்லி, தன் எண்ணையே அதற்குள் வைத்துக் கொடுப்பதுதான் மோசடிக்காரரின் வேலை. இப்படி ஏமாறியவர்கள் அதிகமானதால், குறியீடு வழியாக அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. அதற்காக அசட்டையாக இருந்துவிட முடியாது. குறியீடு பலிக்காவிட்டால், போனின் செட்டிங்ஸுக்குள் போய் மாற்றச் சொல்வார்கள்.

அழைப்பைத் திருப்பினால் திருடருக்கு என்ன லாபம்? எஸ்.எம்.எஸ். இதில் திரும்பாது, அது அந்த போனுக்கேதான் வரும். ஆனால், ஓ.டி.பி. எண்ணைப் போன் வழியாக வாயால் சொல்லும் முறையும் இருக்கிறது. வாட்ஸ்அப்பை வேறொரு போனில் திறக்கும்போது, ‘எஸ்.எம்.எஸ். வரவில்லை, கூப்பிட்டுச் சொல்’ என்று கேட்கலாம். அந்த அழைப்பு நேராகத் திருடரிடம் போகும். பிறகு, ‘ஆஸ்பத்திரியில் இருக்கேன், அவசரமா பணம் அனுப்பு’ என்று மச்சானுக்கும் சித்தப்பாவுக்கும் அந்த வாட்ஸ்அப்பிலிருந்தே செய்தி போகும். கணக்கில் சந்தேகம் வந்து வங்கியிலிருந்து கூப்பிட்டாலும், எடுப்பது அவர்தான்.

கணவரின் போனிலிருந்தே ##002# என்று டயல் செய்ய வேண்டும். அதாவது இரண்டு ஹேஷ், பூஜ்யம், பூஜ்யம், இரண்டு, மறுபடி ஒரு ஹேஷ். எல்லா வகைத் திருப்பல்களும் ஒரே அடியில் ரத்தாகும். பட்டன் போனிலும் இதைச் செய்யலாம். இரண்டு சிம் இருந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். பிறகு *#21# டயல் செய்தால், அழைப்பு எங்காவது திரும்புகிறதா என்று திரையில் காட்டும். இந்தக் குறியீடுகள் வேலை செய்யாவிட்டால், செட்டிங்ஸில் ‘கால் ஃபார்வர்டிங்’ பகுதியைத் திறந்து நிறுத்தலாம். அதுவும் முடியாவிட்டால் 198-ஐ அழைத்து, நெட்வொர்க்காரரிடமே ரத்து செய்யச் சொல்லலாம். கடைசியாக, வேறு போனிலிருந்து கூப்பிட்டு மணி அடிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

போனை அணைத்துப் போடுவதாலோ, சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுவதாலோ பயன் கிடையாது. திருப்பல் பதிவாகியிருப்பது நெட்வொர்க்கில். கையிலிருக்கும் கருவியில் அல்ல. புது போன் வாங்கினாலும் அழைப்பு பழையபடி திருடருக்குத்தான் போகும்.

அடுத்து, வங்கிக் கணக்கில் இருப்பைப் பார்க்க வேண்டும். பணம் போயிருந்தால், நாளைக்கு வங்கி திறக்கட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும். பணம் கை மாறி வெளியே எடுக்கப்படுவதற்கு முன்பு சொன்னால்தான் முடக்கிவைக்க வழி உண்டு. வங்கிக்கும் தகவல் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் பறிபோயிருந்தால், தன் போனில் அதே எண்ணைக் கொடுத்து, எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் எண்ணைப் போட்டு மறுபடி உள்ளே போகலாம். திருடர் வெளியே தள்ளப்படுவார். அவர் ரகசிய பின் எண் ஒன்றை வைத்துவிட்டிருந்தால் மட்டும், 7 நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். அதுவரை உறவுக்காரர்களுக்கு வேறு எண்ணிலிருந்து சொல்லிவைப்பது நல்லது.

‘ஃபார்வர்டு’ என்று எழுத்து வந்தாலே திருட்டு என்று பதறவும் வேண்டாம். நாம் யாரையாவது கூப்பிடும்போது ‘கண்டிஷனல் கால் ஃபார்வர்டிங்’ என்று ஒரு வரி வரலாம். போன் அணைந்திருக்கும்போது யார் கூப்பிட்டார்கள் என்று பிறகு எஸ்.எம்.எஸ்.ஸில் சொல்லும் ‘மிஸ்டு கால்’ சேவைக்காக, நெட்வொர்க்கே செய்து வைத்திருக்கும் திருப்பல் அது. ##002# போட்டால் அந்தச் சேவையும் நின்றுபோகக்கூடும்; கேட்டால் திரும்பத் தருவார்கள். மணி அடிக்காமலே போய், முன்பின் தெரியாத ஒருவர் எடுப்பதுதான் ஆபத்தின் அடையாளம்.

இனி சிம் கேள்வி. செட்டிங்ஸில் சிம் கார்டு பகுதியில், அழைப்புக்கு எந்த சிம் என்ற இடத்தில் ‘ஒவ்வொரு முறையும் கேள்’ என்று இருக்கிறது. அங்கே ஒரு சிம்மைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போன் கேட்பதை நிறுத்திவிடும். மோட்டார் ஓடாததற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். செல்போன் ஸ்டார்ட்டர்களில் பெரும்பாலானவை, தன்னிடம் பதிந்துவைத்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மட்டும்தான் மோட்டாரைப் போடும். அவசரத்தில் இன்னொரு சிம்மைத் தொட்டுவிட்டால், அதற்கு அது அந்நிய எண். பதிந்த எண்ணுள்ள சிம்மையே அழைப்புக்கு வைத்துக்கொள்ளலாம். அல்லது இரண்டு எண்களையும் ஸ்டார்ட்டரில் பதியலாம். அப்படியும் ஓடாவிட்டால், ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். தோட்டத்துப் பெட்டிக்குள் கிடக்கும் அந்த சிம்மைத்தான் வீட்டில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.