சமாதானம் யாருக்கு நஷ்டம்?

வல்லரசுகள் முறைத்துக்கொண்டால் ரப்பர் விலை ஏறும். கை குலுக்கினால் இறங்கும். இந்தக் கணக்கைப் போட்டவர்கள் துரைமார் மட்டும்தானா? நம் லயன்களிலும் போட்டவர்கள் உண்டு. அது சரியான கணக்குத்தானா என்று பார்ப்போம்.

1949ல் ராத்தல் 40 காசுக்கும் கீழே கிடந்த ரப்பர், 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டதும் துள்ளி எழுந்தது. 1951 தொடக்கத்தில் 2 வெள்ளியைத் தாண்டியது. கூலியும் ஏறியது, மறுப்பதற்கில்லை. ஆனால் அரிசியும் துணியும் கூடவே ஏறின. சிராங்கூன் சாலைக் கடைக்குப் போன தொழிலாளி, கூடுதலாகக் கிடைத்த காசை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினான். 1953ல் போர் நின்றது. ரப்பர் 70 காசையொட்டி இறங்கியது. விலையோடு கட்டிப்போட்ட கூலியும் இறங்கியது. கொழுத்த லாபம் பங்குக்காரர்களிடம் தங்கிவிட்டது.

கியூபா நெருக்கடி கண்ட மறு ஆண்டு, 1963 ஜூன் 10ந் தேதி, அமெரிக்க ஜனாதிபதி கென்னடி வாஷிங்டனில் ஒரு பல்கலைக்கழகத்திலே பேசினார். ரஷ்யரும் நம்மைப் போலவே பிள்ளைகளின் நாளைய வாழ்வை எண்ணும் மனிதர்தாம் என்பது அந்தப் பேச்சின் சாரம். இரண்டே மாதத்தில், ஆகஸ்டு 5ந் தேதி, அணுகுண்டுச் சோதனைகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தாயிற்று. உலகம் பெருமூச்சு விட்டது.

நமக்கு அந்த நிம்மதி வாய்த்ததா? அடுத்த மாதமே இந்தோனேஷியா மலேசியாவோடு வணிகத்தை அறுத்தது. அப்போது சிங்கப்பூர் மலேசியாவில் சேர்ந்திருந்தது. இந்தோனேஷிய ரப்பரை வாங்கிப் பதப்படுத்திய சிங்கப்பூர் ஆலைகளுக்குச் சரக்கு வரவில்லை. தொழிலாளிகள் வேலை இழந்தனர். 1965 மார்ச் 10ந் தேதி ஆர்ச்சர்ட் சாலை மெக்டொனால்ட் ஹவுஸில் குண்டு வெடித்து மூவர் மாண்டனர். கொரியாவில் போர் என்றபோது விலை கண்டோம். வாசலில் சண்டை என்றபோது வேலையும் உயிரும் போகக் கண்டோம்.

இந்தச் சூழ்நிலையில்தான், 1965 செப்டம்பர் 21ந் தேதி சிங்கப்பூர் ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தபோது, வெளிநாட்டு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் எழுந்து பேசினார். யாழ்ப்பாணத்திலே பிறந்து சிரம்பானிலே வளர்ந்த தமிழர் அவர். வல்லரசு அணி எதிலும் சேரோம், நட்பு நாடும் எல்லாரோடும் நட்பாயிருப்போம் என்றார். அண்டை நாட்டோடு போர் என்றால் நாம் இழப்பது மிக அதிகம், ஆகவே சமாதானம் வேண்டும் என்று ஒளிவு மறைவின்றிச் சொன்னார். தருமம் பேசியதோடு, வயிற்றுக் கணக்கையும் பேசினார்.

அந்தப் பேச்சு வீண் போகவில்லை. 1966ல் மோதல் ஓய்ந்தது. 1967 ஆகஸ்டு 8ந் தேதி பாங்காக்கில் ஆசியான் அமைப்பு தோன்றியபோது, இந்தோனேஷியாவின் ஆடம் மாலிக்கும் ராஜரத்தினமும் ஒரே பத்திரத்தில் கையெழுத்திட்டனர்.

ஆகவே தோழர்களே, போர் வந்தால் நல்ல காலம் என்று எவனாவது சொன்னால், யாருக்கு என்று திருப்பிக் கேளுங்கள். விடியுமுன் எழுந்து, கொசுக்கடியில் நின்று பால் வெட்டுகிறவனின் உழைப்பு போர்க்காலத்தில் ஒன்றாகவும் சமாதான காலத்தில் வேறாகவும் இருப்பதில்லை. பிறகு கூலி மட்டும் ஏன் மாறவேண்டும்? உழைப்புக்குத் தக்க நிலையான கூலி கேட்பதும் சமாதானம் கேட்பதும் ஒரே கோரிக்கைதான். இரண்டையும் ஒரே குரலில் கேட்போம்.