முட்டாள்கள் இல்லை என்பது ஆதாரம் ஆகாது

“நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை.” வாட்ஸ்அப்பில் வரும் நீண்ட செய்திகளுக்கு இதுதான் கடைசி வரி. பட்டிமன்ற மேடையில் கைதட்டல் வாங்கித் தரும் வரியும் இதுதான். மெட்டி போடுவது கருப்பைக்கு நல்லது, தோப்புக்கரணம் போட்டால் மூளை வளரும், கோயில் மணியோசை மூளையின் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் என்று ஏதாவது ஒன்றைச் சொல்கிறார்கள். எதிரில் இருப்பவர் வாய் திறப்பதற்குள் இந்த வரியையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க முடியாது. கேட்டால், தாத்தாவை முட்டாள் என்று சொன்ன குற்றத்துக்கு ஆளாவோம்.

முன்னோர்கள் முட்டாள்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆற்று மணலில் கல்லணையை நிறுத்தியவர்களை, கொடுமணலில் இரும்பை எஃகாக்கியவர்களை, ஓர் ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும்படி வாய்க்கால் வெட்டியவர்களை அப்படிச் சொல்ல யாருக்கு மனம் வரும்? அவர்கள் செய்ததெல்லாம், சொன்னதெல்லாம் அறிவியல்தான் என்ற நம்பிக்கையைத்தான் எதிர்க்கிறேன். இந்த நம்பிக்கையைப் படித்தவர்கள்தான் முன்னின்று பரப்புகிறார்கள். பாட்டி “சாமி குத்தம்டா” என்று மட்டும் சொன்னாள். அவள் நம்பியதை நம்பியபடியே சொன்னாள். பொறியியல் படித்த பேரன் அதே விஷயத்துக்குக் காந்த அலை, கதிர்வீச்சு, நாசா என்று சாட்சிகளைச் சேர்க்கிறான். அந்தச் சாட்சிகள் பொய்.

சிதம்பரம் பற்றிய செய்தியையே எடுத்துக்கொள்வோம். எட்டு ஆண்டுகள் ஆராய்ச்சி செய்த மேலைநாட்டு விஞ்ஞானிகள், நடராசரின் கால் கட்டைவிரல் இருக்கும் இடம்தான் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மையப்புள்ளி என்று கண்டுபிடித்தார்களாம். எந்த விஞ்ஞானிகள், எந்த ஊர்ப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு, எந்த இதழில் எழுதினார்கள் என்ற விவரம் அந்தச் செய்தியில் எங்கும் இருக்காது. காந்த நடுக்கோடு என்பது பூமியை முழுவதுமாகச் சுற்றிவரும் ஒரு கோடு. ஆப்பிரிக்கா, தென்னிந்தியாவின் தென்கோடி, தென்கிழக்கு ஆசியா, தென்அமெரிக்கா என்று போய்த் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும். சுற்றிவரும் கோட்டுக்கு ஏது மையப்புள்ளி? அந்தக் கோடு ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்துகொண்டே இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து அது 200 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே போகிறது. அதன் அருகில் இருக்கிறது என்பதற்காகத்தான் திருவனந்தபுரத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்து, 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவினார்கள். புவிகாந்தத்தை அளக்கும் ஆய்வகம் திருநெல்வேலிப் பக்கம் கிருஷ்ணாபுரத்தில் இருப்பதற்கும் அதுதான் காரணம். அளந்து பார்த்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அதே செய்தியில் ஓர் உண்மையும் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மை ஆகாது. சிதம்பரம், காஞ்சி ஏகாம்பரநாதர், காளஹஸ்தி ஆகிய மூன்று கோயில்களும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் அமைந்திருக்கின்றன. வரைபடத்தைத் திறந்து யாரும் சரிபார்க்கலாம். ஆனால் இவை அடங்கிய பஞ்சபூதத் தலங்கள் ஐந்து. திருவண்ணாமலை அந்தக் கோட்டில் இல்லை. திருவானைக்கா அதிலிருந்து 100 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. பொருந்துகிற மூன்றை எண்ணிவிட்டு, பொருந்தாத இரண்டைப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் அறநிலையத் துறையின் கீழ் மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்கள் உண்டு. தேடினால் எந்தக் கோட்டிலும் மூன்று அகப்படும். சிதம்பரத்துக் கோபுர வாயில்களில் 108 கரணங்களையும் ஒவ்வொன்றாகக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்களே, அதைப் பற்றி எத்தனை பேர் செய்தி அனுப்புகிறார்கள்? ஒரு நடனக் கலையையே கல்லில் எழுதிவைத்த அறிவு கண்ணெதிரே நிற்கிறது. அதை விட்டுவிட்டு இல்லாத காந்தப் புள்ளிக்காகப் பெருமைப்படுகிறோம்.

திருநள்ளாற்றுக்கு மேலே செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்று போகின்றன என்ற கதையும் இந்த வகைதான். தாழ்ந்த பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழ வேண்டியதுதான். வடக்கே தலைவைத்துப் படுத்தால் பூமியின் காந்தம் ரத்தத்திலுள்ள இரும்பை இழுக்கும் என்பதையும் பார்த்துவிடலாம். நம் உடம்பில் இருக்கும் மூன்று நான்கு கிராம் இரும்பு, ஆணியில் இருப்பதுபோல் காந்தத்தில் ஒட்டும் இரும்பு இல்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எந்திரத்தின் காந்தம் பூமியின் காந்தத்தைவிட முப்பதாயிரம் மடங்குக்கும் மேல் வலிமையானது. அதற்குள் அரை மணி நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போகிறோம். ரத்தம் எந்தப் பக்கமும் இழுபட்டுப் போகவில்லை.

2019 டிசம்பர் 26 காலையில் கோவை, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை என்று ஒரு பட்டை முழுக்க வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. அன்று பல ஊர்களில் வாசலில் தாம்பாளத்தை வைத்துத் தண்ணீர் ஊற்றி, அதில் உலக்கையைச் செங்குத்தாக நிறுத்தினார்கள். உலக்கை நின்றது. கிரகண நேரத்து ஈர்ப்புவிசைதான் நிறுத்துகிறது, கிரகணம் விட்டதும் தானாகச் சாய்ந்துவிடும், அக்காலத்தில் கிரகணம் பிடித்ததை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள் என்று விளக்கமும் சொன்னார்கள். உலக்கை நின்றது பொய்யில்லை. அதன் அடியைப் பாருங்கள். இரும்புப் பூண் போட்டு, குத்திக் குத்தித் தேய்ந்து, தட்டையாக இருக்கும். மட்டமான தாம்பாளத்தில் கொஞ்சம் பொறுமையாக நிறுத்தினால் நிற்கும். அமாவாசையன்றும் நிற்கும், அதற்கு மறுநாளும் நிற்கும், யாராவது தட்டிவிடும்வரை நிற்கும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் கிரகணம் இல்லாத சாதாரண நாட்களில் உலக்கையை நிறுத்திக் காட்டியிருக்கிறார்கள். வாசலில் கூடி வேடிக்கை பார்த்த அத்தனை பேரில், நேற்று நிறுத்திப் பார்த்தோமா, நாளைக்கு நிறுத்திப் பார்ப்போமா என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

இப்படிக் கேட்பது மேல்நாட்டுப் பழக்கம் என்று நினைப்பவர்கள் மணிமேகலையைத் திறந்து பார்க்க வேண்டும். அதன் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவையியல் கற்பிக்கிறார். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது என்றால், அடுக்களையை எடுத்துக்காட்டாகச் சொன்னால் மட்டும் போதாது. நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை என்று எதிர்மறையாகவும் காட்ட வேண்டும். சாதன்மியம், வைதன்மியம் என்று இரண்டுக்கும் பெயர் உண்டு. பார்ப்பதற்கு ஆதாரம் போலத் தோன்றி ஆதாரம் ஆகாமல் போகிறவற்றை ஏதுப்போலி என்றும் திட்டாந்தப்போலி என்றும் வகைவகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கிரகணத்தன்று உலக்கை நிற்கிறது என்பது ஒரு பாதி. கிரகணம் இல்லாத நாளில் நிற்காது என்று காட்டினால்தான் வாதம் முழுமை பெறும். காஞ்சியில் அமர்ந்து தருக்கம் படித்த அந்த முன்னோர்களிடம் நம் வாட்ஸ்அப் செய்தியைக் கொடுத்திருந்தால், போலி என்று சொல்லித் திருப்பித் தந்திருப்பார்கள். முன்னோர்களின் பெயரைச் சொல்லிக் கேள்வியை அடக்குகிறவர்கள், முன்னோர்கள் எழுதிவைத்ததைப் படிக்கவில்லை.

மரபறிவில் மெய்யும் உண்டு. எது மெய் என்று தெரிவதற்கு ஒரே வழி சோதித்துப் பார்ப்பது. சர்ப்பகந்தி வேரைப் பித்துக்கும் பாம்புக்கடிக்கும் கொடுத்துவந்தார்கள். மும்பையில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற மருத்துவர் அதை ரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்து, அழுத்தத்தை அளந்து, குறித்து, 1949இல் பிரிட்டனின் இதயநோய் இதழில் வெளியிட்டார். 1952இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. உலகம் முழுக்க அது மருந்தானது. சிலருக்கு மனச்சோர்வைக் கொடுக்கிறது என்று பிறகு தெரிந்ததும், கவனமாகக் கொடுக்க வேண்டிய மருந்தானது. பாம்பு கடித்தவருக்கோ இன்றும் விஷமுறிவு ஊசிதான் போடுகிறார்கள், அந்த வேரைக் கொடுப்பதில்லை. அந்த ஊசி தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுப்பவர்களில் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தாரும் உண்டு. பாம்பின் தடம் பார்த்து வளையைக் கண்டுபிடிக்கும் அவர்களுடைய அறிவு, எந்த நாசாவின் சான்றிதழும் இல்லாமல், நாள்தோறும் சோதனைக்கு உள்ளாகி நிற்கிறது. தவறினால் பாம்பு கடித்துவிடும்.

அம்மை நோயை வேப்பிலையால் ஒழித்தோம் என்று சொல்கிறார்கள். வேப்பிலை பல நூற்றாண்டுகளாக வாசலில் தொங்கியது. பெரியம்மையும் பல நூற்றாண்டுகளாகக் குழந்தைகளைக் கொண்டுபோனது. தடுப்பூசி போட்டுப் போட்டு, 1975இல் இந்தியாவிலும் 1980இல் உலகம் முழுவதிலும் அது ஒழிந்தது என்று அறிவிக்க முடிந்தது. கைப்பிடித்து வேப்பிலையால் வருடிவிட்ட தாய்மார்களின் அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அன்பு நோயைத் தடுக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

“நம்பிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்பவர்கள் உண்டு. நஷ்டம் இருக்கிறது. 2018 ஜூலையில் திருப்பூரில், இயற்கைப் பிரசவம்தான் சிறந்தது என்று நம்பி, யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தார்கள். குழந்தை பிறந்தது. ரத்தப்போக்கு நிற்காமல் தாய் இறந்துபோனார். பாட்டி வீட்டில்தானே பெற்றாள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பிரசவத்தில் இறந்துபோன பெண்கள் யாருக்கும் பாட்டியாக வாழ்ந்து கதை சொல்லவில்லை.

முன்னோர்கள் என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம் என்பதையும் கேட்க வேண்டும். காந்த மையம் என்று கொண்டாடப்படும் அதே சிதம்பரத்தில், தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட நந்தனார் தீயில் இறங்கிய பிறகுதான் உள்ளே போக முடிந்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. அவரும் முன்னோர்தான். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயரோடு நுழைந்த கக்கனும் அவருடைய தோழர்களும் முன்னோர்கள்தான். அவர்களை வெளியே நிறுத்திய வழக்கமும் முன்னோர்கள் சொன்னதுதான். எல்லாச் சடங்குக்கும் அறிவியல் காரணம் உண்டு என்று ஒப்புக்கொண்டால், இதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுப்பார்கள். அதிர்வலை கெடும் என்று எழுதும் கைகள் இப்போதே இருக்கின்றன.

தீட்டுக்கு அப்படிக் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். மாதவிடாய் நாளில் பெண்ணை ஒதுக்கி வைத்தது அவள் ஓய்வுக்காக, அவளுடைய ஆற்றல் அப்போது கீழ்நோக்கிப் பாய்வதால், கிருமி பரவாமல் இருப்பதற்காக என்று மாறி மாறிச் சொல்கிறார்கள். ஓய்வு தருவதற்கு வீட்டுக்குள் ஒரு பாய் போதாதா? வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் பெண்களுக்கு அந்த மூன்று நாளும் கூலியோடு விடுப்பு தர யாராவது வழக்கம் வைத்தார்களா? தொடக்கூடாது என்று விதித்ததற்கு ஓய்வு என்று பின்னால் பெயர் வைத்தார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. டெல்டாவில் தென்னந்தோப்புகள் அடியோடு விழுந்தன. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சிறுமி வயதுக்கு வந்திருந்ததால் வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் படுக்கவைக்கப்பட்டிருந்தாள். தாய் துணைக்குப் படுத்திருந்தார். தென்னைமரம் முறிந்து குடிசைமீது விழுந்தது. சிறுமி இறந்துபோனாள். புயல் வருகிறது என்ற எச்சரிக்கை முன்பே வந்துவிட்டது. கணித்துச் சொல்லும் அறிவியல் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. வீட்டுக்குள் அவளுக்கு இடம் இருந்தது. தீட்டு அவளை உள்ளே விடவில்லை.

இதற்கு எந்த அறிவியல் காரணமும் கிடையாது. இருப்பதாகச் சொல்பவர் யாராக இருந்தாலும், எவ்வளவு படித்தவராக இருந்தாலும், அவர் சொல்வது தவறு. உங்கள் வீட்டுப் பெண் குழந்தை வயதுக்கு வந்தால், நேற்று அவள் எங்கே படுத்தாளோ அங்கேயே இன்றும் படுக்க விடுங்கள்.